பறவைப் பாதுகாப்பு அமைப்புகளில் இன்டர்ன்ஷிப்: எப்போது தேடுவது, எதைக் காட்டுவது

பறவைப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனங்களுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதப்படும் கடிதங்களில் பல, ஒரே வரியில்தான் தொடங்குகின்றன: "சின்ன வயதிலிருந்தே எனக்குப் பறவைகள் என்றால் உயிர்." அது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கடிதத்தைப் படிப்பவருக்கு அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. அவருக்குத் தெரிய வேண்டியது இதுதான்: அடுத்த நான்கு மாதம் விடிவதற்கு முன் எழுந்து, ஒவ்வொரு நாளும் ஒரே முறையில் எண்ணி, எண்ணியதை எண்ணியபடியே எழுதிக் கொடுப்பார் என்று இவரை நம்பலாமா?

இந்த நம்பிக்கைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். வட அமெரிக்காவில் 1970-லிருந்து ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதன் முதுகெலும்பு, 1966-ல் தொடங்கிய இனப்பெருக்கக் காலப் பறவைக் கணக்கெடுப்பு. ஒரு பாதையில் 50 நிறுத்தங்கள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் சுமார் 800 மீட்டர். ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம், 400 மீட்டர் தொலைவுக்குள் கண்டதும் கேட்டதும் குறிப்பில் ஏறும். இவ்வளவுதான் முறை. இதை ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் மாற்றாமல் செய்ததால்தான் ஐம்பது ஆண்டு இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஓர் ஆண்டு ஒருவர் மூன்று நிமிடத்தை ஐந்தாக்கியிருந்தால், அந்தப் பாதையில் பறவை கூடியதுபோல் கணக்கு காட்டியிருக்கும். இன்டர்ன் செய்யும் வேலை இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அதனால்தான் தேர்வு செய்பவர்கள் பறவைகளின் பெயர் எத்தனை தெரியும் என்பதைவிட, சொன்ன முறையைச் சொன்னபடி செய்யும் குணம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உங்கள் தேடல், கடிதம், நேர்காணல் எல்லாமே இந்த ஒன்றை நிரூபிப்பதாக இருக்கட்டும்.

என்ன வேலை என்று முதலில் பாருங்கள்

இன்டர்ன் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வேலைகள் இருக்கின்றன. களக் கணக்கெடுப்பு என்றால், குறித்த புள்ளியில் நின்று ஐந்து அல்லது பத்து நிமிடம் எண்ணிவிட்டு அடுத்த புள்ளிக்கு நடப்பது. சூரியோதயத்தை ஒட்டித் தொடங்கி, பாட்டு அடங்குமுன் முடித்துவிட வேண்டும். பிற்பகல் முழுக்கத் தரவு உள்ளிடுவது. கூடு கண்காணிப்பு என்றால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே கூடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய் முட்டை, குஞ்சு, அழிவு எல்லாவற்றையும் பதிவது. வளையமிடும் நிலையத்தில் வலை விரித்து, பிடித்து, அளந்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடுவது.

கடற்பறவைத் தீவுகள் தனி உலகம். அமெரிக்காவின் மேய்ன் கடலோரத்தில் ஈஸ்டர்ன் எக் ராக் என்ற சிறு தீவில் அற்றுப்போயிருந்த பஃபின் என்ற கடற்பறவைகளை மீட்க ஸ்டீபன் கிரெஸ் 1973-ல் தொடங்கிய திட்டம் இன்றும் நடக்கிறது. கோடைதோறும் இளைஞர்கள் அங்கே கூடாரத்தில் தங்கி வேலை செய்கிறார்கள். மறைப்புக்குள் மணிக்கணக்காக உட்கார்ந்து, எந்தப் பெற்றோர்ப் பறவை என்ன மீனைக் கொண்டுவந்தது, அதன் நீளம் அலகின் நீளத்தில் எத்தனை பங்கு என்று எழுதுவது அங்கே முக்கியமான பணி. குஞ்சு விழுங்க முடியாத அகல மீனைப் பெற்றோர் கொண்டுவரத் தொடங்கினால், கடல் மாறுகிறது என்று அர்த்தம். தனிமையும் குளியல் வசதி இல்லாமையும் தாங்கக்கூடியவர்களுக்கான இடம் இது.

கடற்கரைக் காவல் வேலை இன்னொரு வகை. மணலில் முட்டையிடும் உப்புக்கொத்திகள், ஆலாக்களின் கூடுகளைச் சுற்றிக் கயிறு கட்டி, பலகை நட்டு, நாயோடு வருபவர்களிடம் பொறுமையாகப் பேசுவது. இங்கே பறவையோடு இருக்கும் நேரத்தைவிட மனிதரோடு பேசும் நேரம் அதிகம். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் விளம்பரத்தில் "ஆலா" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுச் சேர்ந்து, பாதிப் பருவத்தில் சோர்ந்துபோவார்கள்.

நகரத்தைவிட்டு நகர முடியாதவர்களுக்குக் கண்ணாடி மோதல் கண்காணிப்பு உண்டு. வலசைக் காலத்தில் விடியற்காலையில் குறித்த கட்டடங்களைச் சுற்றி நடந்து, கண்ணாடியில் மோதி விழுந்தவற்றை எடுத்து, உயிருள்ளவற்றைக் காகிதப் பையிலிட்டு மீட்பு மையத்துக்கு அனுப்பி, இறந்தவற்றை இடமும் நேரமும் எழுதிய சீட்டோடு உறைகலத்தில் வைப்பது. டொரன்டோவில் 1993-லிருந்து ஃபிளாப் என்ற அமைப்பு இதைச் செய்துவருகிறது. 2023 அக்டோபர் 5 காலையில் சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் என்ற ஒரே கட்டடத்தின் அடியில் ஆயிரத்தை ஒட்டிய பறவைகள் இறந்து கிடந்தன. அது எண்ணிக்கையாக உலகத்துக்குத் தெரிந்தது, பல ஆண்டுகளாக ஒவ்வொரு வலசைக் காலையிலும் அங்கே பொறுக்கி எண்ணும் வழக்கம் இருந்ததால். அந்தக் கட்டடத்தின் கண்ணாடிகளில் பின்னர் புள்ளி ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டதற்குப் பின்னால் இந்த எண்ணிக்கைகள் இருக்கின்றன.

பிறகு அலுவலக வேலைகள்: தரவு, வரைபடம், பள்ளி நிகழ்ச்சிகள், சமூக ஊடகம், நிதி திரட்டல். இவற்றுக்குக் களப்பணி அளவுக்குப் போட்டி இருப்பதில்லை, மதிப்போ குறைந்ததல்ல. அழிவின் விளிம்பில் எந்த இனம் இருக்கிறது என்று காட்டும் ஐயூசிஎன் செம்பட்டியலுக்காக உலகின் 11,000 பறவையினங்களின் நிலையையும் மதிப்பிடும் பொறுப்பு பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் என்ற உலகளாவிய பறவைப் பாதுகாப்பு அமைப்புடையது. அது முழுக்க மேசையில் நடக்கும் வேலை. கணக்கியல், நிரலாக்கம், வடிவமைப்பு, சட்டம், மொழிபெயர்ப்பு தெரிந்தவர்கள் "எனக்கு உயிரியல் பட்டம் இல்லையே" என்று ஒதுங்கிக்கொள்வது அமைப்புகளுக்குத்தான் நஷ்டம். நாலைந்து பேர் நடத்தும் ஒரு சிறு அமைப்பில், சிதறிக் கிடக்கும் பத்தாண்டுத் தரவை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரத் தெரிந்த ஒருவர் வந்தால், அந்த உதவியை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

நாட்காட்டி

வாய்ப்பைத் தவறவிடுபவர்களில் பெரும்பாலானோர் தகுதியில் தோற்பதில்லை, தேதியில் தோற்கிறார்கள். வடகோளத்தில் இனப்பெருக்கக் காலக் களவேலை ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நடக்கும். அதற்கான விளம்பரங்கள் முந்தைய டிசம்பரிலேயே தொடங்கி பிப்ரவரி, மார்ச்சுக்குள் முடிந்துவிடும். இலையுதிர்கால வலசைக்கான வளையமிடும் நிலையங்களும் பருந்து எண்ணும் முகடுகளும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை இயங்கும். அவற்றுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆள் தேடுவார்கள். தென்கோளத்தில் இனப்பெருக்கம் செப்டம்பரில் தொடங்குவதால் கணக்கை ஆறு மாதம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலக இடங்களுக்குப் பருவம் இல்லை; நிதியாண்டு தொடங்கும்போதோ புதிய மானியம் கையில் வரும்போதோ திறக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விளம்பரத்தில் "தகுந்தவர் கிடைக்கும்வரை விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படும்" என்று இருந்தால், கடைசித் தேதி என்று ஒன்று போட்டிருந்தாலும் வருகிற வரிசையிலேயே படித்து எடுத்துவிடுவார்கள். அந்த மாதிரி இடத்துக்கு முதல் வாரத்தில் போன சுமாரான கடிதம், கடைசி வாரத்தில் போகும் அழகான கடிதத்தை வென்றுவிடும். ஆகவே பருவத்துக்கு எட்டு மாதம் முன்பே சி.வி.யும் பரிந்துரையாளர்களும் தயாராக இருக்க வேண்டும்.

எங்கே தேடுவது

பேர்ட்லைஃப் அமைப்புக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் கூட்டாளி அமைப்புகள் உண்டு. அதன் தளத்தில் நாடுவாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு அமைப்பின் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்னிதாலஜி எக்ஸ்சேஞ்ச் பறவையியலுக்கென்றே உள்ள தளம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் காட்டுயிர் வேலைப் பலகையில் வட அமெரிக்கக் களவேலைகள் குவியும். பென்சில்வேனியாவின் ஹாக் மவுன்டன் சரணாலயம், 1934-ல் வேட்டைக்காரர்களிடமிருந்து பருந்துகளைக் காக்க ரோசலி எட்ஜ் தொடங்கியது. பல நாடுகளிலிருந்தும் பயிற்சியாளர்களை எடுக்கும் மரபு அங்கே நெடுங்காலமாக இருக்கிறது.

தேடும்போது இன்டர்ன் என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டால் பாதி இடங்கள் கண்ணில் படாது. ஃபீல்டு அசிஸ்டென்ட், சீசனல் டெக்னீஷியன், டிரெய்னி, ரெசிடென்ஷியல் வாலன்டியர் என்ற பெயர்களிலும் அதே வேலை விளம்பரமாகும். வளையமிடும் வேலை அமெரிக்காவில் பேண்டிங், பிரிட்டனில் ரிங்கிங்.

விளம்பரமே வராத இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இது அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. உங்களுக்குப் பிடித்த பறவையினம் அல்லது வாழிடம் குறித்து கடந்த மூன்று நான்கு ஆண்டில் வந்த ஆய்வுக் கட்டுரைகளை எடுங்கள். முடிவுரையை விட்டுவிட்டு நேராக நன்றியுரைப் பகுதிக்குப் போங்கள். அங்கே களத்தில் உதவியவர்கள் என்று ஆறேழு பெயர் இருந்தால், அந்தத் திட்டம் ஆண்டுதோறும் ஆள் எடுக்கிறது என்று பொருள். நிதி கொடுத்தவர் பெயரும் அங்கேயே இருக்கும். மானியம் இன்னும் நடப்பில் இருந்தால் அடுத்த பருவமும் உண்டு. கட்டுரையிலேயே தொடர்பு மின்னஞ்சல் இருக்கிறது. அமைப்பின் ஆண்டறிக்கையையும் இப்படியே படியுங்கள்: "மூன்றாண்டுத் திட்டம், இது முதலாண்டு" என்று ஒரு வரி இருந்தால் உங்களுக்கு இரண்டு பருவம் வாய்ப்பு இருக்கிறது.

சான்று சேர்ப்பது

சான்றிதழ் இல்லாதவருக்கும் சான்று இருக்க முடியும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-ல் தொடங்கிய இ-பேர்ட், பார்த்த பறவைகளை யாரும் பட்டியலாகப் பதியக்கூடிய இணையதளம், இதற்குக் கிடைத்த பெரிய வசதி. எண்ணிக்கையில் பெரிய பட்டியல்களைக் காட்டி மயக்கலாம் என்று நினைக்காதீர்கள். எத்தனை இனம் பார்த்திருக்கிறீர்கள் என்ற மொத்தக் கணக்கு, பயணம் போக முடிந்ததா என்பதைத்தான் காட்டும். தேர்வு செய்பவர் உங்கள் பட்டியல் ஒன்றைத் திறந்தால் வேறு சிலவற்றைப் பார்ப்பார். அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்த முழுப் பட்டியலா? எண்ணுக்குப் பதில் 'எக்ஸ்' போட்டுத் தப்பித்திருக்கிறீர்களா? நேரமும் தூரமும் சரியா? காகம், மைனா, மாடப்புறா போன்ற சாதாரணப் பறவைகளுக்கும் எண்ணிக்கை இருக்கிறதா, அரிய பறவைக்கு மட்டும் படமும் பத்து வரிக் குறிப்புமா? சாதாரணப் பறவைகளை ஒழுங்காக எண்ணுபவர்தான் தேர்வாளரின் கண்ணுக்கு ரத்தினம்.

ஆகவே வீட்டருகில் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் இரண்டு முறை, அதே நேரத்தில், 15 நிமிடம் நின்று எண்ணுங்கள். ஆறு மாதம் விடாமல் செய்தால் ஐம்பது பட்டியல் சேரும். அந்த ஐம்பதும், ஐம்பது இடங்களில் எடுத்த ஐம்பதைவிட உங்களுக்காக அதிகம் பேசும். அதில் எது எந்த மாதம் வந்தது, எது போனது என்று ஓர் எளிய வரைபடம் போட்டால் தரவைக் கையாளவும் தெரியும் என்பது சேர்த்தே தெரிந்துவிடும். மெர்லின் செயலி கேட்டுச் சொன்ன பெயரை, நீங்களே கேட்டோ பார்த்தோ உறுதிசெய்யாமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். அப்படிச் சேர்த்தவை அனுபவசாலியின் கண்ணில் உடனே படும். அந்தப் பருவத்தில், அந்த வாழிடத்தில் இருக்கவே முடியாத பெயர்கள் அவற்றில் வந்து நிற்கும்.

காதுக்குத் தனிப் பயிற்சி தேவை. காட்டில் புள்ளிக் கணக்கெடுப்பு செய்யும்போது பெரும்பாலான பறவைகள் கண்ணில் படாது, குரலாகத்தான் வரும். போக வேண்டிய இடத்தின் பொதுவான முப்பது நாற்பது இனங்களின் பட்டியலை எடுத்து, பறவைக் குரல்களைத் தொகுக்கும் ஸெனோ-கான்டோ தளத்தில் 'ஏ' தரம் பெற்ற பதிவுகளை ஓர் இனத்துக்கு மூன்று வீதம் கேளுங்கள். பாட்டு மட்டும் போதாது, அழைப்பொலியும் எச்சரிக்கை ஒலியும் வேண்டும். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டிரண்டு இனங்களை அடுத்தடுத்துக் கேட்டுப் பிரித்தறிவதுதான் உண்மையான பயிற்சி.

தூரத்தை மதிப்பிடுவதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை. ஆனால் புள்ளிக் கணக்கெடுப்பில் அதிகம் பிழை நுழைவது அங்கேதான். பாடும் பறவை 40 மீட்டரில் இருக்கிறதா 60 மீட்டரிலா என்பதைப் பொறுத்து, அது 50 மீட்டர் வட்டத்துக்குள்ளா வெளியேயா என்பது மாறும்; அடர்த்திக் கணக்கும் மாறும். அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு 25, 50, 100 மீட்டரில் மரங்களுக்கு அடையாளம் வையுங்கள். முதலில் கண்ணால் யூகியுங்கள், பிறகு அளந்து பாருங்கள். அடுத்து, நண்பர் ஒருவரை மறைவில் நிறுத்திக் கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கச் செய்து, ஒலியை மட்டும் வைத்து யூகியுங்கள். உண்மையான பறவைகள் இருக்கும் இடத்தில் இப்படி ஒலிக்கவிட்டுத் தொல்லை தர வேண்டாம். எல்லை காக்கும் ஆண் பறவை எதிராளி வந்துவிட்டது என்று அலையும். ஒரு மாதம் இப்படிப் பழகியவர், நேர்காணலில் "எனக்கு 50 மீட்டர் வரை ஓரளவு சரியாக வருகிறது, அதற்கு மேல் குறைத்துச் சொல்லிவிடுகிறேன்" என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். தன் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு.

கருவி பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 8x42 பைனாகுலர் போதும். 10 மடங்கு உருப்பெருக்கத்தில் கை நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பும் சுருங்கும். பெரிய காமிராவைக் கடிதத்தில் விவரிக்க வேண்டாம்.

ஒரு தரவுத்தாளின் ஒரு வரி

களத்தாளில் ஒரு வரியை நெருங்கிப் பார்த்தால் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது விளங்கும். கூட்டின் எண், தேதி, 24 மணி முறையில் நேரம், முட்டை, குஞ்சு, பெற்றோர்ப் பறவை இருந்ததா, பார்த்தவரின் முதலெழுத்து. கூட்டில் முட்டை இல்லை. அப்போது முட்டைக் கட்டத்தில் என்ன எழுதுவது? பார்த்தோம், இல்லை என்றால் 0. கூடு உயரத்தில் இருந்ததால் உள்ளே பார்க்க முடியவில்லை என்றால் கோடு, பக்கத்தில் காரணம். கட்டத்தை வெறுமையாக விட்டால், பார்க்க மறந்தீர்களா, பார்த்து எழுத மறந்தீர்களா, அங்கே ஒன்றுமில்லையா என்பது ஆறு மாதம் கழித்துக் கணினி முன் உட்காருபவருக்குத் தெரியாது. தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். பென்சில் அல்லது நீரில் கரையாத மை. களத்திலிருந்து திரும்பிய அன்றே தாளைப் படமெடுத்து வைக்க வேண்டும். ஓடை கடக்கும்போது பை நழுவினால் ஒரு வாரத் தரவு போய்விடும்.

உங்கள் கடிதத்தில் இந்த ஒழுங்கைப் பற்றி இரண்டு வரி வந்தாலே போதும், எழுதியவர் களவேலை என்னவென்று அறிந்தவர் என்பது புரிந்துவிடும்.

கடிதம்

150 முதல் 200 சொற்கள் போதும். முதல் வரியில் எந்த வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை கிடைப்பீர்கள். பருவத்தின் நடுவில் பத்து நாள் தேர்வு இருந்தால் அதை இங்கேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் அட்டவணையே குலையும். இரண்டாவது பத்தியில் அவர்கள் கேட்டிருக்கும் திறமைகளில் இரண்டை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று. "எனக்குத் தரவு மேலாண்மையில் ஆர்வம் உண்டு" என்பது வெறும் வாக்கியம். "ஒரே குளத்தில் ஜூன் முதல் நவம்பர் வரை வாரம் இருமுறை எடுத்த 48 முழுப் பட்டியல்களை எக்செலில் தொகுத்து, வலசை வாத்துகளின் வருகைத் தேதிகளை வரைபடமாக்கியிருக்கிறேன், இணைப்பு கீழே" என்பது சான்று. மூன்றாவது பத்தியில், அந்த அமைப்பின் ஒரு குறிப்பிட்ட திட்டத்தைப் பற்றி நீங்கள் படித்ததில் எழுந்த ஒரு கேள்வியோ கவனிப்போ. பாராட்டு வேண்டாம். தெரியாததை மறைக்காமல் ஒரு வரி: "வலை விரித்த அனுபவம் இல்லை, கற்றுக்கொள்ள வேண்டும்."

நூறு அமைப்புகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது நேர விரயம். வேறொரு அமைப்பின் பெயர் உள்ளே தங்கிப்போன கடிதத்தை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை. பத்து இடத்தைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலைப் பொழுதைக் கொடுங்கள்.

சி.வி. ஒன்றிரண்டு பக்கம், பிடிஎஃப் வடிவில், கோப்பின் பெயரில் உங்கள் பெயர். பரிந்துரையாளர்கள் இரண்டு அல்லது மூன்று பேர். ஒருவராவது நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். அது பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று வாரம் முன்னதாகக் கேட்டு, விளம்பரத்தையும் நீங்கள் செய்தவற்றின் ஒரு பக்கக் குறிப்பையும் அவருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

நேர்காணலில்

"உங்களுக்குத் தெரியாத பறவை பாடுகிறது, நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வரும். எதிர்பார்க்கும் பதில் எளிது: அடையாளம் தெரியாதது என்று எழுதுவேன், முடிந்தால் ஒலிப்பதிவு செய்வேன், எண்ணுவதை நிறுத்த மாட்டேன், மாலையில் கேட்டுத் தெரிந்துகொள்வேன். யூகித்து ஒரு பெயரை எழுதுவேன் என்பதுபோல் தொனித்தால் அங்கேயே முடிந்தது. அடுத்து ஒரு வீட்டில் ஆறு பேர், ஒரே சமையலறை, ஒரே வண்டி என்ற சூழலில் எப்படி இருப்பீர்கள் என்று கேட்பார்கள். களப்பருவங்களைக் குலைப்பது பெரும்பாலும் பறவையோ மழையோ அல்ல, கழுவாத பாத்திரமும் பேசாமல் தேங்கிய மனத்தாங்கலும்தான். அதனால்தான் அந்தக் கேள்வி.

உடல்நிலை சார்ந்தவற்றை, வேலையைத் தொடும் அளவுக்கு, மறைக்காமல் பேசுவது நல்லது. நிறப்பார்வைக் குறைபாடு இருந்தால் வண்ண வளையங்களைப் படிக்கும் வேலை சிரமம். உயர்ந்த அதிர்வெண் ஒலி காதில் விழாவிட்டால் சில சிறு பறவைகளின் பாட்டு முற்றிலும் தவறிப்போகும். இவை தகுதிக்குறைவு அல்ல. வேறு பணியில் அமர்த்த முன்கூட்டியே தெரிந்தால் போதும். குளவிக்கடி ஒவ்வாமையும் அப்படித்தான்.

நீங்களும் கேளுங்கள். யாருடைய மேற்பார்வையில் இருப்பேன், அவர் களத்திலேயே இருப்பாரா? வாரத்தில் எத்தனை நாள் விடுப்பு? அறை தனியா, பகிர்வா? விபத்துக் காப்பீடு உண்டா? தனியாகக் களத்துக்கு அனுப்புவீர்களா, தொலைபேசிச் சமிக்ஞை இல்லாத இடத்தில் தொடர்பு எப்படி? கடந்த பருவ இன்டர்ன் ஒருவரிடம் பேசலாமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

பணம், அனுமதி, ஏமாற்று

உதவித்தொகை இல்லாத இடங்கள் இந்தத் துறையில் இன்னும் நிறைய. வசதி உள்ளவர்களால் மட்டுமே நுழைய முடிகிற கதவாகப் பறவைப் பாதுகாப்பு ஆகிவிடுவது பறவைகளுக்கும் நல்லதல்ல. தங்குமிடம், உணவு, பயணம், காப்பீடு ஆகியவற்றில் எதை அமைப்பு தருகிறது, எது உங்கள் தலையில் விழுகிறது என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். சம்பளமில்லாத முழுநேர வேலையை ஆறு மாதம் ஏற்பதைவிட, பகுதிநேரமாக உள்ளூர் அமைப்பில் ஓராண்டு செய்வது பலருக்கு மேல். வெளிநாடு என்றால், சம்பளம் இல்லாவிட்டாலும் பல நாடுகளின் சட்டத்தில் அது வேலைதான். சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள் என்று சொல்லும் அமைப்பை விட்டு விலகுங்கள். திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்தான்.

நீங்கள் பெரும் தொகை கட்டிச் சேர வேண்டிய திட்டங்கள் எல்லாமே மோசடி அல்ல. ஆனால் என்ன கேள்விக்காகத் தரவு எடுக்கிறார்கள், இதுவரை என்ன அறிக்கை வெளிவந்தது, பறவையைக் கையாள அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்று மூன்றும் கேளுங்கள். விளம்பரப் படங்களில் வருபவர்கள் எல்லோரும் கையில் பறவையோடு சிரித்துக்கொண்டு நின்றால் அதுவே போதிய அறிகுறி.

வளையமிடுவது அப்படிப் படத்துக்காகச் செய்யும் காரியமே அல்ல. பிரிட்டனில் பிடிஓ என்ற பறவையியல் அமைப்பின் உரிமம் பெற்ற பயிற்சியாளரின் கீழ் நீண்ட காலம் பழகித்தான் தனியாகச் செய்ய முடியும். வட அமெரிக்காவில் 1989-ல் தொடங்கிய மேப்ஸ் என்ற வளையமிடும் திட்டத்தின் நிலையங்களில் வழக்கமாகப் பத்து வலை, ஒவ்வொன்றும் 12 மீட்டர். விடியலிலிருந்து ஆறு மணி நேரம், ஏறத்தாழ அரைமணிக்கு ஒருமுறை எல்லா வலையையும் சுற்றிவர வேண்டும். மழை, பலத்த காற்று, கடும் வெயில் வந்தால் வலையைச் சுருட்டிவிட வேண்டும். வலையில் சிக்கிய பறவையை எடுக்கும்போது முதலில் அது எந்தப் பக்கமிருந்து உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதே பக்கமாகத்தான் வெளியே வரும். பல பயிற்சியாளர்கள் முதலில் கால்களை விடுவிக்கச் சொல்வார்கள். பிறகு ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து தளர்வாக அமைய, முதுகு உள்ளங்கையில் படியப் பிடிப்பது. மார்பை அழுத்தினால் பறவைக்கு மூச்சு நின்றுவிடும். அதற்கு உதரவிதானம் இல்லை, மார்புக்கூடு அசைந்தால்தான் சுவாசம். முதல் வாரத்தில் வேகம் வராது, வரவும் வேண்டாம். சிக்கலாகிவிட்டது என்று தோன்றிய நொடியில் மூத்தவரைக் கூப்பிடும் இன்டர்னைத்தான் அடுத்த ஆண்டும் அழைப்பார்கள்.

கூட்டை நெருங்குவதிலும் இப்படிப்பட்ட விதிகள் உண்டு. போன வழியிலேயே திரும்பாமல் கூட்டைக் கடந்து வேறு வழியில் போவது, வேட்டை விலங்குகள் மோந்து வரும் வாசனைத் தடம் கூட்டோடு முடிந்துவிடாமல் இருக்க. குஞ்சு பறக்கும் தறுவாயில் கிட்டப் போகாமலிருப்பது, பயந்து முன்கூட்டியே குதித்துவிடும் என்பதால். பறவைக் காய்ச்சல் காட்டுப் பறவைகளில் பெருமளவு பரவிய பிறகு காலணிகளைக் கிருமிநாசினியில் கழுவுவதும் இறந்த பறவையை வெறுங்கையால் தொடாமலிருப்பதும் சேர்ந்துகொண்டன. 2022 கோடையில் இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகள் நோயால் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டன. கடற்பறவைத் தீவு வேலை ஒன்றை ஏற்கும்போது, பருவம் நடுவில் ரத்தானால் உதவித்தொகையும் திரும்பும் பயணமும் என்னாகும் என்று கேட்டு வையுங்கள்.

இடம் கிடைக்கவில்லை என்று பதில் வந்தால், நன்றி சொல்லி, காத்திருப்புப் பட்டியலில் வைக்க முடியுமா என்று இரண்டே வரியில் எழுதுங்கள். களப்பருவம் தொடங்குவதற்கு முந்தைய மாதத்திலும் முதல் இரண்டு வாரத்திலும் ஆட்கள் விலகுவது வழக்கம்: வேறு வேலை கிடைத்துவிடும், விசா வராது, கணுக்கால் பிசகும். அப்போது திட்ட மேலாளருக்குப் புதிதாக விளம்பரம் செய்ய நேரமிருக்காது. பட்டியலில் இருப்பவர்களை வரிசையாக அழைப்பார். முதலில் எடுப்பவருக்கு இடம். அந்த ஆறு வாரமும் எத்தனை நாளில் கிளம்ப முடியும் என்பதற்கு விடை வைத்திருங்கள். மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள், ஸ்பாம் பெட்டி உட்பட.